கம்பளிக்குள் ஒரு குறட்டை

அத்தியாயம் 4

"என் ரகசியத்தை வெளிய விட்டது யாருன்னு சனிக்கிழமைக்குள்ள தெரியணும். இல்லாட்டி எனக்குக் கல்யாணம் இல்ல, சேர்."

லோஜினி கைப்பையை மேசைமேல் வைத்த வேகத்தில் துப்பறிவாளர் யோகேஸ்வரனின் தேநீர் பாதி சாஸருக்கு இடம்பெயர்ந்தது. மீதியை அவர் காப்பாற்றிக் குடித்துவிட்டார். முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்து விசாரணை பார்த்தவர். எது போயிற்று என்பதற்கு முன்னால் எது மிஞ்சியது என்று பார்க்கிற புத்தி.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில், 'யோகேஸ் துப்பறியும் நிலையம்' என்ற பலகை தொங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. இதுவரை காணாமல் போன மூன்று ஆடுகளை அவர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு, அவர் தேடப் புறப்பட்ட அன்றே தாமாக வீடு திரும்பியவை. பலகையில் அதெல்லாம் எழுதவில்லை.

"உட்காரும்மா" என்றார்.

"உட்கார வரல." இருபத்தேழு வயது. டிக்கோயாவில் மருந்துக்கடையில் வேலை. மாத்திரை எண்ணிப் பழகிய விரலால் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். "போன மாசம் உங்ககிட்ட என்ன கேட்டேன்? எனக்குப் பார்த்த மாப்பிள்ளை, வலப்பனை நிரோஷன், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் எங்கயோ மறைஞ்சு போறாரு, என்னான்னு பாருங்கன்னு கேட்டேன்."

"பார்த்தேனே!" அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. நுவரெலியாவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே, காய்கறிச் சந்தைக்குப் போகவிருந்த கோவா மூட்டைகளுக்குப் பின்னால், தூறலில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்திருந்தார். நிரோஷன் ஒரு பெண்ணின் இடுப்பைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணுக்கு எழுபது வயது. ஓய்வுபெற்ற நடன ஆசிரியை. கல்யாண வரவேற்பில் எல்லார் முன்னாலும் பைலா ஆட வேண்டியிருக்குமே என்ற பயத்தில் பையன் ரகசியமாக வகுப்புக்குப் போயிருக்கிறான். இரண்டு மணி நேரத்தில் அந்த அம்மாளின் காலைப் பதினான்கு தடவை மிதித்தான்.

"நீங்க சொன்னதைக் கேட்டு நான் சிரிச்சேன், சந்தோஷமா போனேன். திங்கட்கிழமை ராத்திரி ரேடியோவுல அதே கதை!"

மலைமுகடு எஃப்.எம். என்ற சின்ன வானொலியில் இரவு பதினொரு மணிக்கு 'கம்பளிக்குள்ளே ஒரு கதை' என்று ஒரு நிகழ்ச்சி. பெயர் சொல்லாத ஒருவர் கிசுகிசுக் குரலில் கதை சொல்வார். தன்னைக் கம்பளிக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். விளக்கை அணைத்துவிட்டு மலைநாடு பாதி அதைக் கேட்கிறதாகப் பேச்சு. திங்கட்கிழமை கதை, பெண் பார்த்து முடிவான ஒரு கரடி, கிழட்டுக் கொக்கிடம் ஆடப் பழகுவது. பெயர் கிடையாது. ஆனால் கரடி சிவப்புக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி பஸ்ஸில் வலப்பனையிலிருந்து போயிற்று.

"இப்ப அவரு கடை வாசல்ல நின்னு பிள்ளைங்க ஆடிக் காட்டுதுங்க. பஸ் கண்டக்டர் 'கரடி அண்ணே ஏறுங்க'ன்னு கூப்பிடுறானாம். நான்தான் எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு ரேடியோவுக்குச் சொல்லிக் கேலி பண்ண வச்சேன்னு அவரு நினைக்கிறாரு. சனிக்கிழமை ரெண்டு வீடும் அச்சகத்துக்குப் போறதா இருந்துச்சு, கல்யாணப் பத்திரிகை அடிக்க. அவங்க அம்மா, 'பொறுங்க'ன்னுட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"உனக்கு. எனக்கு. அப்புறம்…"

இரண்டு பேரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஜீவராணி கீழ் பேக்கரியின் பணிஸ் தின்றுகொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயது. ஆட்டோ ஓட்டுகிறவள். நிலையத்தின் ஒரே உதவியாளர், ஒரே வாகனம், ஒரே விமர்சகர்.

"என்னைப் பார்க்காதீங்க" என்றாள். "நான் சொல்லியிருந்தா அந்தக் கரடி இன்னும் நல்லா ஆடியிருக்கும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே ராணி."

"சொல்லல. ஆனா ஒரு செக்கன் யோசிச்சீங்க. அந்த ஒரு செக்கனுக்கு மீட்டர் ஓடும், சேர்."

அவர் யோசித்தது உண்மைதான். வெட்கமாக இருந்தது. அவரோ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியானால் மிச்சம் இவள்தான் என்று கணக்கு சொல்லிற்று. அந்தக் கணக்கு தப்பு என்று மனசு சொல்லிற்று. இந்த மாதிரி நேரங்களில் வழக்கமாக மனசுதான் தோற்கும்.

"அந்தக் கம்பளிக்காரனைப் பிடிப்போம்" என்று குடையை எடுத்தார். "நிகழ்ச்சி எப்படி, நல்லா இருக்குமா?"

"நீங்க கேட்டதே இல்லையா?"

"ஒன்பதரைக்கு நான் படுத்திருவேன்."

"துப்பறிவாளர்!" என்று லோஜினி கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

*

மலைமுகடு எஃப்.எம்.மில் மொத்தம் இரண்டு அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. அதற்கு நடுவே, அடைக்கு உட்கார்ந்த கோழி போலக் கஜதீபன் உட்கார்ந்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வேலைக்கு வந்து ஏழு வருடம். நிலையத்தின் அறிவிப்பாளர், தொழில்நுட்பம், கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவன்தான்.

"கம்பளிக்காரற்ரை பேரைச் சொல்ல மாட்டன், ஐயா. வாக்குக் குடுத்திட்டன். நானே ஆளைக் கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் பத்தரைக்குள்ளை ஃபோனிலை பதிவு வரும். பதினொண்டுக்குப் போடுவன். அவ்வளவுதான்."

"ஒரு பொண்ணோட கல்யாணம் நிக்கப்போகுது, தம்பி."

கஜதீபனின் முகம் உண்மையிலேயே வாடிற்று. "அது எனக்குக் கவலைதான். ஆனா அவரை விட்டா எங்களிட்டை ஒண்டுமில்லை. நீங்கள் அந்தக் கலையைக் கேக்கோணும், ஐயா! எல்லாரும் கத்துறாங்கள். இவர் ஒருத்தர்தான் கிசுகிசுக்கிறார். காதுக்குள்ளை வந்து உங்களுக்கு மட்டும் சொல்லுற மாதிரி இருக்கும். அதைவிட அந்த இடைவெளி! கரடி காலைத் தூக்குது… எண்டிட்டு நிப்பாட்டுவார். ஐஞ்சு செக்கன், ஆறு செக்கன் மௌனம். பிறகுதான் 'வச்சுது'. கேக்கிற சனம் மூச்சு விடாது. எங்கை பழகினாரோ தெரியேல்லை."

"பெயர் வேண்டாம். திங்கட்கிழமை வந்த பதிவை மட்டும் கேட்கக் குடுங்க. வெட்டி ஒட்டாத மூலப் பதிவு."

கஜதீபன் யோசித்தான். வாக்கில் அதற்குத் தடை இல்லை. ஹெட்போனை நீட்டிவிட்டு, "ஒரு குறை இருக்கு" என்றான் தயங்கி. "இடையிலை ஆரோ குறட்டை விடுகினம். குறட்டை வந்தா அவர் கதையை நிப்பாட்டிப்போட்டு, அது முடியப் பிறகு தொடருவார். நான் குறட்டையை மட்டும் வெட்டி எடுப்பன்."

"வெட்டின இடம்தான் அந்த ஆறு செக்கன் மௌனமா?" என்றாள் ஜீவராணி.

கஜதீபன் அவசரமாக விசையை அழுத்தினான்.

யோகேஸ்வரன் கண்ணை மூடினார். அவருடைய வேலையில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் இது. இன்சூரன்ஸ் கம்பனியில் லொறி ஹாரன் சத்தத்தை வைத்தே பிரேக் பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். பெயர் வைத்தவர் அவர்தான்.

"தகரக் கூரை" என்றார். "மழை விழுற சத்தம் நீளமாப் போகுது. ஒரு வீடு இல்ல, வரிசை. தோட்டத்து லயக் காம்பரா. எழுதிக்க ராணி."

"எழுதிட்டேன். மலைநாட்டுல லயம். ஆளைப் பிடிச்ச மாதிரிதான்."

"கிசுகிசுக்கிறவனை விடு. கிசுகிசுப்புல குரல் இல்ல, அடையாளம் கிடைக்காது. குறட்டையைப் பிடிக்கணும். நம்ம ரகசியம் அந்தக் குறட்டைக்காரன் வழியாத்தான் போயிருக்கு." அவருக்கு உற்சாகம் ஏறிற்று. "ஆள் ஆம்பளை. அறுபது வயசு கிட்ட. மல்லாக்கப் படுக்கிறவன். முதல்ல விசில் மாதிரி ஆரம்பிச்சு, டிக்கோயா வளைவுல கியர் மாத்துற பஸ் மாதிரி முடியுது. நல்ல உடம்பு. கொத்து ரொட்டியைக் குறைக்கணும்."

ஜீவராணி எழுதுவதை நிறுத்தினாள்.

"கட்டில் ஒரு கால் கட்டை. புரளும்போது டக்குன்னு தட்டுது. சோம்பேறி, ஒரு அட்டைத் துண்டு வைக்கக்கூட ஏலாதவன். இந்தா, மணிக்கூடு பத்து அடிக்குது. தம்பி, பதிவு எத்தனை மணிக்கு?"

"ஒன்பது ஐம்பது எண்டு காட்டுது."

"பார்த்தியா! மணிக்கூடு பத்து நிமிஷம் முந்தி ஓடுது. அதைக்கூடச் சரி செய்யாத ஒரு மடையன்."

"சேர்" என்றாள் ஜீவராணி மெதுவாக. "உங்க வீட்டு மணிக்கூடும் பத்து நிமிஷம் முந்தித்தானே?"

"அது வேற. வடிவு எனக்கு பஸ் தவறக் கூடாதுன்னு வேணும்னே முந்தி வச்சது."

"உங்க கட்டில்?"

"அது வந்து…"

"சேர், கொஞ்சம் கேட்டுட்டுப் பேசுங்க."

ஹெட்போனில் கரடி காலைத் தூக்கியது. கம்பளிக்காரர் நிறுத்தினார். விசில் கிளம்பி, வளைவு ஏறி, கியர் மாறி, அடங்கிற்று. பிறகு அந்தத் தூக்கத்துக்குள்ளிருந்து ஒரு குரல், தடித்த நாக்கோடு, மிகவும் உரிமையோடு சொல்லிற்று:

"வடிவு… கதவைச் சாத்தும்மா. குளிருது."

யோகேஸ்வரன் ஹெட்போனைக் கழற்றினார். கழற்றி, மேசைமேல் வைக்க இடம் தேடி, மடியிலேயே வைத்துக்கொண்டார். அவர் மனைவி சண்முகவடிவு காலமாகி இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது.

கஜதீபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆர் ஐயா அது? ஆளைத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும்" என்றாள் ஜீவராணி. அவள் சிரிக்கவில்லை. "ஒரு மடையன். சோம்பேறி. கொத்து ரொட்டியைக் குறைக்கணும்."

*

வடிவு பிறந்து வளர்ந்த காம்பரா காலியாக இருக்கிறது என்றதும், டவுன் வீட்டை விட்டுவிட்டு யோகேஸ்வரன் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே குடிவந்திருந்தார். பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் பசிக்கும். அங்கே பிறந்தவர்கள் அதற்கேற்பத் தாழ்ந்த குரலில் பேசப் பழகியிருந்தார்கள். டவுனிலிருந்து வந்தவருக்கு அது தோன்றவேயில்லை. தினமும் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று வடிவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார். அவள் இருந்த காலத்திலிருந்தே முப்பது வருடப் பழக்கம். யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் நம்பியது பொய் இல்லை. வடிவிடம் சொல்வதை அவர் வெளியே சொல்வதாக நினைத்ததே கிடையாது.

பக்கத்துக் காம்பரா பழனியாண்டியுடையது. எழுபது வயது, தனி ஆள். இரண்டு வருடத்தில் யோகேஸ்வரனோடு அவர் பேசியது கை உயர்த்தியும் தலை அசைத்தும்தான். 'பாவம், பேச்சுத் துணைக்கு ஆகாத மனுஷன்' என்று வடிவின் படத்திடம் அவரைப் பற்றி ஒருமுறை சொன்னதுகூட உண்டு. இப்போது அதையும் அவர் கேட்டிருப்பார் என்று உறைத்தபோது, ஆட்டோவுக்குள்ளேயே யோகேஸ்வரனுக்குக் காது சுட்டது.

பழனியாண்டியின் கதவு திறந்தது. உள்ளே கட்டில்மேல் ஒரு பழைய கம்பளி கூடாரம் போல நின்றது. அதற்குள் ஒரு ஃபோன்.

"நீங்கதானா?" என்றார் யோகேஸ்வரன்.

பழனியாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிசுகிசுத்தார். காற்றாக வந்தது குரல். "உட்காருங்க, சேர். கதவைச் சாத்துங்க. நீங்க பேசுனா பன்னெண்டு வீட்டுக்கும் கேக்கும்."

"ஏன் இப்படிப் பேசுறீங்க?" என்றாள் ஜீவராணி.

"எனக்கு இவ்வளவுதான்மா குரல். முப்பத்தாறு வருஷம் தேயிலை பெக்டரியில, தூள் சலிக்கிற எடத்துல. தொண்டை போயிருச்சு. பகல்ல யாருகிட்டயாச்சும் பேசணும்னா அவங்க குனிஞ்சு காதைக் குடுக்கணும். யாரு குனியிறா? ராத்திரியில அந்த ஃபோன் குனியுது." அவர் தோளைக் குலுக்கினார். "கம்பளி எதுக்குன்னா, தகரத்துல மழை சத்தம் ஜாஸ்தி."

"அந்தக் கரடி…" என்று ஆரம்பித்த யோகேஸ்வரனுக்குக் கோபமாகப் பேச வேண்டும் என்று இருந்தது. கோபம் வரவில்லை. "நான் சொன்னதுதானே?"

"நீங்க சொன்னதுதான். கொஞ்சம் சுருக்குனேன். நீங்க ரொம்ப இழுக்குறீங்க, சேர். அப்புறம் எல்லாத்துலயும் நீங்களே கெட்டிக்காரரா இருக்கீங்க. அதை எடுத்துட்டேன்."

ஜீவராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, அது நிஜ மனுஷன்! நிஜக் கல்யாணம்! அது நிக்கப்போகுது!"

பழனியாண்டியின் முகம் வெளுத்தது. "நிஜமா? நான்… நீங்க வடிவு தங்கச்சிக்காகக் கதை கட்டிச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன். துப்பறியிற ஆளு ரெண்டு மணி நேரம் கோவா மூட்டைக்குப் பின்னால மழையில நிப்பாராங்க? நம்புற மாதிரியே இல்லையே!"

"தூறல்" என்றார் யோகேஸ்வரன் பலவீனமாக.

பழனியாண்டி கம்பளியின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "ஒண்ணு மட்டும், சேர். வடிவு தங்கச்சியைப் பத்தி நீங்க அது படத்துகிட்டப் பேசுறது எதையும் நான் ரேடியோவுல சொன்னதில்ல. சின்னதுல இந்த லயத்துல ஓடித் திரிஞ்ச பிள்ள அது. நீங்க அந்தப் பேச்சை எடுத்தா நான் வெளிய போய் நின்னுக்குவேன். மழையானாலும்."

யோகேஸ்வரன் தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமினார். அது பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்றாள் ஜீவராணி. "அது சும்மா கதைன்னு இன்னைக்கு ரேடியோவுல சொல்லிறலாமா?"

"அப்படிச் சொன்னா இன்னும் சிரிப்பாங்க" என்றார் பழனியாண்டி. முதல் தடவையாக அவர் குரலில் ஒரு தொழில்காரரின் நிச்சயம் இருந்தது. "கெளம்புன சிரிப்பை நிறுத்த ஏலாது, தாயி. வேற ஆள் பக்கம் திருப்பத்தான் ஏலும். கரடியைவிடப் பெரிய கோமாளி ஒருத்தன் வேணும்."

இரண்டு பேரும் யோகேஸ்வரனைப் பார்த்தார்கள். காலையில் லோஜினியும் அவரும் ஜீவராணியைப் பார்த்த அதே பார்வை. அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"சொந்தக் குறட்டையைக் கேட்டு மடையன்னு தீர்ப்புச் சொன்ன துப்பறிவாளன்" என்றார் அவரே. "போதுமா?"

"போதும், சேர். ஏராளம்."

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கதையைச் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே அந்தத் துப்பறிவாளனை நிற்க வைத்தது யார் என்பதும் வெளியே வரும். லோஜினி ரேடியோவுக்குச் சொல்லவில்லை என்று நிரூபணமாகும். வேவு பார்க்க ஆள் வைத்தாள் என்பதும் நிரூபணமாகும். யோகேஸ்வரன் ஃபோனில் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தன் பங்கைச் சுருக்காமல் சொன்னார்.

மறுமுனையில் மருந்துக்கடையில் யாரோ இருமல் பாணி கேட்டார்கள்.

"சொல்லுங்க, சேர்" என்றாள் கடைசியில். "நான் செய்யாததுக்கு அவரு என்னை விட்டுட்டுப் போறதைவிட, செஞ்சதுக்கு விட்டுட்டுப் போகட்டும். பேரு மட்டும் வேணாம். அவருக்குப் புரியும்."

அன்றிரவு பழனியாண்டியின் காம்பராவில், பதிவு முடியும்வரை விழித்திருந்து ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்ப்பது என்று யோகேஸ்வரன் உறுதியாக முடிவெடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பளிக்குள்ளிருந்து குரல் கசிந்தது. "ஒரு ஊர்ல ஒரு துப்பறிவாளன். அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனா எல்லாம் தெரியும்னு அவனுக்குத் தெரியும்…" ஒன்பதே முக்காலுக்கு அவர் கேட்ட கடைசி வரி அது.

*

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிலையத்தைக் கடக்கும்போது வலப்பனை பஸ் கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி அவரைப் பார்த்து ஒரு விசில் அடித்தார். விசில் மெல்ல ஏறி, கியர் மாறி, கர்ரென்று இறங்கிற்று. பஸ் முழுக்கச் சிரித்தது. பேக்கரிக்காரர் கல்லாவில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி காட்டினார். மரக்கறி விற்கிற அம்மாள், "மாத்தியா, நிந்த கியாத?" என்று அக்கறையாக விசாரித்தாள். தூக்கம் வந்ததா என்று சிங்களத்திலும் கேட்டாகிவிட்டது.

"கஜதீபன் இந்தத் தடவை குறட்டையை வெட்டலயாம்" என்றாள் ஜீவராணி, படியேறும்போது. "சரியா, 'அந்த மடையன் யாரு?'ன்னு அவரு கேட்டு நிறுத்துன எடத்துல நீங்க ஆரம்பிச்சீங்களாம். ஒத்திகை பார்த்தா கூட அப்படி வராதாம்."

"கரடியைப் பத்தி யாராச்சும் பேசினாங்களா?"

"எந்தக் கரடி?"

மாடியில் கதவுக்கு முன்னால் லோஜினி நின்றிருந்தாள். அவளுக்கு இரண்டு அடி தள்ளி, சிவப்புக் கட்டம் போட்ட சட்டையில், உயரமாக, தோள் குறுகி, நிரோஷன். யோகேஸ்வரன் அவனை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஜன்னல் கண்ணாடியில் இவ்வளவு இளமையாகத் தெரியவில்லை.

"நீங்கதானா அது?" என்றான் நிரோஷன்.

"நான்தான், தம்பி. மன்னிச்சுக்கணும்."

"ரெண்டு மணி நேரமும் நின்னீங்களா?"

"நின்னேன்."

"அப்ப கடைசியா ஒரு சுத்து சரியா வந்துச்சே, அதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் யோகேஸ்வரன். பார்த்திருந்தார். அதை வடிவிடம் சொல்லவில்லை; கதைக்கு உதவாது என்று விட்டுவிட்டிருந்தார். "நல்லா வந்துச்சு."

நிரோஷன் தலையசைத்துவிட்டு லோஜினி பக்கம் திரும்பினான். அவளை நேராகப் பார்க்கவில்லை. அவள் கைப்பையின் வாரைப் பார்த்தான். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

கீழே கண்டி பஸ் புறப்படுவதாகச் சத்தம் போட்டது.

"மாட்டேன்" என்றான்.

லோஜினியின் வாயோரம் ஒரு பக்கமாக இழுத்தது. அவள் அதை அடக்கப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீயும் வா" என்றான் அவன், இன்னும் வாரைப் பார்த்தபடி. "வெளிய நின்னு இல்ல. உள்ள வந்து பாரு. பார்த்துட்டு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. மிதிப்பேன்."

"மிதிச்சா நானும் மிதிப்பேன்."

"சரி."

"சனிக்கிழமை உங்க அம்மா வர்றாங்களா, அச்சகத்துக்கு?"

நிரோஷன் நிமிர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"சனிக்கிழமை எதுக்கு?" என்றான். "அச்சகம் இன்னைக்கும் திறந்துதானே இருக்கு."